64 பக்க ரிப்போர்ட்டில் 31வது பாயின்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷெட் வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். வாரம் தவறாமல் ஒரு மெயில் வரும் என்பார்கள்: "உங்கள் வெப்சைட்டை இலவசமாக ஆடிட் செய்தோம், 47 குறைகள் இருக்கின்றன, எப்போது பேசலாம்?" யாரும் கேட்காமலே செய்த ஆடிட். தளத்தின் முகவரியை ஏதோ ஒரு கருவியில் போட்டு, அது துப்பியதை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி, மேலே தங்கள் லோகோவை ஒட்டியிருப்பார்கள். சிவப்பு வட்டம், ஆரஞ்சு வட்டம், நடுவில் 38 என்று ஒரு மதிப்பெண். பள்ளிக்கூடத்தில் 35க்கும் 38க்கும் பயந்து வளர்ந்த நமக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். காசு கொடுத்துவிடுகிறோம். ரிப்போர்ட் வருகிறது. மேஜை டிராயருக்குள் போகிறது.

நான் இருப்பது முகப்பேர் மேற்கு. வெப்சைட் வேலைதான் பிழைப்பு. எஸ்டேட் பக்கத்திலேயே இருப்பதால் இப்படி டிராயருக்குள் போன ரிப்போர்ட்டுகள் சில என்னிடம் வந்து சேரும். சமீபத்தில் வந்தது, ஓ-ரிங்கும் ஆயில் சீலும் செய்கிற ஒரு அண்ணனுடையது. பெயர் வேண்டாம், போட்டால் நாளைக் காலையிலேயே பத்து ஏஜென்சி அவருக்கு போன் போடும். 64 பக்கம். கன்வெர்ஷன் ஆடிட். அதாவது, தளத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் என்கொயரி அனுப்புகிறார்கள், மற்றவர்கள் எந்த இடத்தில் நழுவிப் போகிறார்கள் என்ற ஆய்வு.

"தம்பி, இதுல எதைச் செய்யணும், எதை விடணும்னு மட்டும் சொல்லு. மொத்தத்தையும் செய்யணும்னா நான் மோல்டிங் மெஷினை நிறுத்திட்டு வெப்சைட்தான் ஓட்டணும்" என்றார்.

ரிப்போர்ட் மோசமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதியவர் உழைத்திருக்கிறார். ஆனால் அதில் இல்லாத ஒன்றுதான் எனக்குக் கண்ணில் பட்டது: அண்ணனின் ஆர்டர் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் வந்தால் முதல் வேலையாக பில், வவுச்சர், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்பார். கடை வாசலின் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டார். வெப்சைட் ஆடிட்டில் மட்டும் முகவரி ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று எப்படியோ ஒரு பழக்கம் வந்துவிட்டது.

எஸ்டேட்டில் வியாபாரம் வரும் விதமே வேறு. 1960களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாகப் பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் செய்து கொடுத்தே இந்தப் பக்கம் ஒரு தலைமுறை வளர்ந்தது. ஆர்டர் என்றால் தெரிந்தவர் மூலம் வருவது. பர்ச்சேஸில் இருப்பவர் வேலை மாறிப் போனால் புது இடத்திலிருந்தும் கூப்பிடுவார். அங்கே வெப்சைட்டுக்கு ஒரே ஒரு வேலைதான்: நம்மைத் தெரியாத ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் நம்பிக்கை வந்து ஒரு டிராயிங்கை அனுப்பும்படி செய்வது. படிவம் நிரப்புவது பாதி வழிகூட இல்லை. டிராயிங், கொட்டேஷன், சாம்பிள், அப்ரூவல், பிறகுதான் பி.ஓ.

ஆகவே முதலில் நாங்கள் உட்கார்ந்தது ரிப்போர்ட்டோடு அல்ல, அண்ணனின் மருமகள் வைத்திருக்கும் எக்செல் ஷீட்டோடு. கடந்த வருடம் புதிதாக வந்த பார்ட்டிகள் யார் யார், ஒவ்வொருவரும் எப்படி வந்தார்கள், முதலில் போனா, வாட்ஸ்ஆப்பா, படிவமா, கொட்டேஷன் போக எவ்வளவு நாள் ஆனது, ஆர்டர் ஆனதா. மருமகளுக்குப் பாதி ஞாபகத்திலேயே இருந்தது. மீதியை வாட்ஸ்ஆப்பில் தேடி எடுத்தார்.

படம் தலைகீழாகிவிட்டது. ரிப்போர்ட்டில் "கன்வெர்ஷன்" என்று எண்ணியிருந்தது படிவம் அனுப்பியதை மட்டும். அதிலும் ஒரு வேடிக்கை. கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு, தளத்தில் எந்தப் படிவம் அனுப்பப்பட்டாலும் தானாகவே எண்ணிக்கொள்ளும் ஒரு வசதியோடு வருகிறது. மேலே இருக்கும் தேடல் பெட்டியும் அதன் கண்ணுக்குப் படிவம்தான். யாரோ "வைட்டான்" என்று ரப்பர் வகையைத் தேடியதெல்லாம் என்கொயரியாகக் கணக்கில் ஏறியிருந்தது. உண்மையில் ஆர்டராக மாறிய பார்ட்டிகளோ, பெரும்பாலும் படிவத்தைத் தொட்டதே இல்லை. எண்ணை எடுத்து, வாட்ஸ்ஆப்பில் டிராயிங்கைப் போட்டு, "ரேட் ப்ளீஸ்" என்றவர்கள். ஏன் தெரியுமா? படிவத்தில் ஃபைல் இணைக்க இடமே இல்லை. டிராயிங் இல்லாமல் ரப்பர் பாகத்துக்கு எப்படி ரேட் கேட்பது?

படிவம் வழியாக வந்தவர்கள் யார் என்று பார்த்தால், பத்து பீஸ் கேட்ட பொறியியல் கல்லூரி மாணவர்கள், குக்கர் கேஸ்கெட் கிடைக்குமா என்று கேட்டவர்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று தளத்தில் எங்கேயும் எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும்? என்கொயரி குறையும். ரிப்போர்ட்டின் கணக்குப்படி கன்வெர்ஷன் விழும். ஆனால் மருமகள் நாள் முழுக்க "சாரி, மினிமம் 500" என்று டைப் அடிப்பது நின்று, உண்மையான டிராயிங்குக்கு அன்றைக்கே கொட்டேஷன் போகும். ஆடிட்டின் மதிப்பே இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்: எதை எண்ணுகிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், எண்ணுவதற்கு எது சுலபமோ அதை அவர்கள் எண்ணுவார்கள், அது கூடுவதற்கு வழியும் சொல்வார்கள், அதுவும் கூடும், நம் பேங்க் பேலன்ஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

இனி அந்த 31வது பாயின்ட். "படத்துக்கு மாற்று உரை இல்லை. முக்கியத்துவம்: குறைவு." இப்படி ஒரே வரி, மஞ்சள் புள்ளியோடு. மாற்று உரை என்றால், படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் குறிப்பு. எந்தப் படம் என்று போய்ப் பார்த்தேன். ஓ-ரிங் அளவுப் பட்டியல்.

ஓ-ரிங் வாங்குகிறவர்கள் பேசுவது எண்களில். ஏ.எஸ். 568 என்று ஒரு தர அளவுப் பட்டியல் உலகம் முழுக்க உண்டு. அதில் 214 என்றால் உள்விட்டம் 0.984 அங்குலம், தடிமன் 0.139 அங்குலம் என்று அர்த்தம். வேறு எதுவும் விளக்க வேண்டாம். பர்ச்சேஸில் இருப்பவர் கூகுளில் தட்டுவது "தரமான ரப்பர் பொருட்கள் சென்னை" என்றா? "568-214 நைட்ரைல் 70 ஷோர்" என்றுதான் தட்டுவார். அண்ணனின் தளத்தில் அந்தப் பட்டியல் முழுவதும் இருந்தது, பழைய பிரவுச்சரை ஸ்கேன் செய்து ஏற்றிய ஒரே படமாக. கூகுளுக்கு அந்த எண்கள் எழுத்தாகக் கிடைக்கவில்லை. தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியும் படிக்காது. செல்போனில் பெரிதாக்கினால் மங்கும். தேடல் பெட்டியில் யார் யாரோ வந்து தட்டிய எண்களின் பட்டியல் மட்டும் அனலிட்டிக்ஸில் நீளமாகக் கிடந்தது. அத்தனைக்கும் "முடிவுகள் இல்லை".

கருவி பொய் சொல்லவில்லை. சரியான இடத்தில்தான் விரலை வைத்தது. ஆனால் ஃபுட்டரில் உள்ள ஃபேஸ்புக் ஐகானுக்கும் இந்த அளவுப் பட்டியலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் மாற்று உரை இல்லாத படம். வித்தியாசம் தெரிய வேண்டியது மனிதருக்கு. அதற்குத்தான் அவருக்குக் காசு.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பழைய கதை ஒன்று உண்டு. ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009ல் எழுதியது; "30 கோடி டாலர் பட்டன்" என்றே பெயர். ஒரு பெரிய ஆன்லைன் கடை. பொருளைக் கூடையில் போட்டு பணம் கட்டப் போகும்போது குறுக்கே ஒரு படிவம்: மின்னஞ்சல், பாஸ்வேர்டு, லாகின், ரெஜிஸ்டர். புதிதாக வந்தவர்கள் எரிச்சலடைந்தார்கள்: பொருள் வாங்க வந்தேன், உறவு வைத்துக்கொள்ளவா வந்தேன் என்று. பழைய வாடிக்கையாளர்களுக்கோ எந்த மெயிலில் பதிந்தோம் என்பதே ஞாபகம் இல்லை. கடையின் தகவல் தளத்தைத் தோண்டியபோது, 45 சதவீதம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு வைத்திருந்தது தெரிந்தது. தினம் 1,60,000 பேர் பாஸ்வேர்டு கேட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்து வாங்க முயலவே இல்லை. ரெஜிஸ்டர் பட்டனை எடுத்துவிட்டு "தொடர்க" என்று ஒரு பட்டனையும், கணக்கு தொடங்க வேண்டிய கட்டாயமில்லை என்று ஒரு வரியையும் வைத்தார்கள். வாங்குகிறவர்கள் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்தது. முதல் வருடத்தில் கூடுதல் விற்பனை 30 கோடி டாலர்.

இதைப் படித்தவர்கள் எல்லோரும் போய்ப் பட்டனை மாற்றினார்கள். எனக்கு அந்தக் கதையில் பட்டன் பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? உண்மையிலேயே பொருள் தேவைப்பட்டவர்களை அழைத்து, கையில் காசைக் கொடுத்து, வாங்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு கடையின் சொந்தப் பதிவேடுகளைத் திறந்து பார்த்தார்கள். அந்த இரண்டையும் செய்யாத ஆடிட், பட்டனின் நிறத்தைப் பற்றித்தான் பேசும்.

பயண முன்பதிவுத் தளமான எக்ஸ்பீடியாவின் விஷயமும் அதே மாதிரி. "வாங்கு" என்று அழுத்திய பிறகும் பணப் பரிமாற்றம் தோல்வியான ஆட்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். படிவத்தில் "கம்பெனி" என்று ஒரு கட்டம், கட்டாயம்கூட இல்லை. சிலர் அது கார்டு கொடுத்த பேங்கின் பெயர் என்று நினைத்து நிரப்பி, அடுத்து முகவரியிலும் பேங்கின் முகவரியையே போட்டிருக்கிறார்கள். கார்டு சரிபார்ப்பில் வீட்டு முகவரியோடு ஒத்துப்போகாமல் அடி. அந்த ஒரு கட்டத்தை நீக்கியதில் வருடத்துக்கு 1.2 கோடி டாலர் லாபம் என்று 2010ல் அந்த நிறுவனமே சொன்னது. வராதவர்களைத் தேடி ஓடுவதற்கு முன், காசை நீட்டியும் வாங்க முடியாமல் போனவர்களைப் பார்த்தார்கள்.

சரி, இந்தக் கதைகள் அமெரிக்கா. நம் ஊர்ப் படிவங்களுக்கு வருவோம். இங்கே எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் உண்டு, நீளமாகவே எழுதுவேன்.

முகப்பேர் கிழக்கில் ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஒரு அக்கா பொடி, வற்றல், தொக்கு செய்து ஆன்லைனில் விற்கிறார். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் போட்ட தளம். அவருக்கும் ஒரு ஆடிட் ரிப்போர்ட் வந்திருந்தது. பணம் கட்டும் பக்கத்துக்கு அதில் பச்சை டிக். "கட்டங்கள் குறைவு, சுத்தமான வடிவமைப்பு." நான் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போனைக் கொடுத்து, அரைக் கிலோ பருப்புப் பொடி ஆர்டர் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டும் கட்டாயம். தாத்தாவுக்கு ஒரு பெயர், ஒரு இனிஷியல். இனிஷியலைக் கடைசிப் பெயரில் போட்டார். "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்" என்றது. அப்பா பெயரை முழுசாக எழுதினார். "இது எங்கப்பா பேரு, பார்சல் அவருக்கா வரும்?" என்று என்னிடமே கேட்டார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்தக் கட்டம் இன்றும் தகராறுதான். புள்ளி வைக்கிறவர்கள், பெயரையே இரண்டு முறை போடுகிறவர்கள், விட்டுவிட்டுப் போகிறவர்கள். ஒரே கட்டம், "பெயர்" என்று வைத்தால் தீர்ந்தது.

அடுத்து முகவரி. சென்னையில் புது எண், பழைய எண் இரண்டும் போடாமல் கூரியர் பையன் வந்து சேர மாட்டான். தாத்தா சாய்கோடு போட்டு எழுதினார். "சிறப்புக் குறியீடுகள் அனுமதி இல்லை." பிறகு பின்கோடு. லெட்டர்ஹெட், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் 600 037 என்று நடுவில் இடம் விட்டுத்தான் நமக்குப் பழக்கம். கட்டத்தில் ஆறு எழுத்துக்கு மேல் ஏறாது. இடைவெளியும் ஒரு எழுத்து. கடைசி 7 விழவில்லை. தாத்தா நாலு முறை 7ஐ அழுத்திவிட்டு போன் கெட்டுவிட்டது என்றார். செல் எண்ணிலும் அதே கதை: +91 முன்பே நிற்கிறது, அவர் மறுபடி 91ல் தொடங்கினார், சிவப்பு.

முகவரியை மட்டும் போட்டு ஓட்டும் எந்த ஆடிட் கருவியிலும் இது எதுவும் தெரியாது. வெளிநாட்டுச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இருக்காது, ஏனென்றால் அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் உண்டு, பழைய எண் கிடையாது. பணம் கட்டுவதும் அப்படித்தான். 2009 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் ஆன்லைனில் கார்டு போட்டால் இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஓ.டி.பி. வரும், எஸ்.எம்.எஸ். பார்க்கப் போவோம், திரும்பி வந்தால் பக்கம் புதிதாக ஏறி, கூடை காலியாக நிற்கும். யு.பி.ஐ. என்றால் இன்னொரு செயலிக்குத் தாவித் திரும்ப வேண்டும். வாட்ஸ்ஆப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ வந்த லிங்க்கைத் தொட்டுத் திறந்தவருக்கு இந்தத் தாவல் சரியாக நடக்கிறதா? உண்மையான பத்து ரூபாய் கட்டிப் பார்க்காத ஆடிட்டர் பச்சை டிக் போட்டால் அதை நான் நம்ப மாட்டேன். நாலு விதமாகக் கட்டிப் பார்க்க வேண்டும், ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் உட்பட.

அக்காவின் தளத்தில் பெரிய ஓட்டை இன்னொன்று. கூரியர் செலவு கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். 180 ரூபாய் பொடிக்கு 90 ரூபாய் கூரியர் என்று பார்த்ததும் ஆட்கள் மூடிவிடுகிறார்கள். டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கணக்கில், ஆன்லைன் கூடைகளில் சுமார் 70 சதவீதம் பாதியில் கைவிடப்படுகின்றன. காரணங்களில் முதலிடம் இந்தக் கூடுதல் செலவு. (அந்த 70 சதவீதமும் கை நழுவிய வியாபாரம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாண்டி பஜாரில் புடவையை விரித்துப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி சும்மா பார்க்கிறவர்களும் அதில் உண்டு என்று பேமார்டே சொல்கிறது.) பின்கோடு போட்டால் கூரியர் எவ்வளவு என்று பொருளின் பக்கத்திலேயே காட்டும்படி மாற்றினோம்.

ஆடிட் ரிப்போர்ட் இதற்குச் சொன்ன வைத்தியம் வேறு: "இன்னும் 9 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று ஓடும் கடிகாரம் வையுங்கள், "3 பாக்கெட் மட்டுமே மீதி" என்று போடுங்கள். அக்கா வாரம் இரண்டு முறை வறுத்து அரைக்கிறவர். என்ன மூணு பாக்கெட்? மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. மொத்தம் 13 வகை. பொய்யான அவசரம் காட்டுவது அதில் உண்டு. கேட்காமல் கூடையில் பொருள் சேர்ப்பது உண்டு. விலையைத் துளித்துளியாகக் கடைசியில் ஏற்றிக் காட்டுவதும் உண்டு. ஒரு ஆடிட்டர் இதையெல்லாம் "வளர்ச்சி உத்தி" என்று எழுதிக் கொடுத்தால், மீதிப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இனி எண்கள். இதில்தான் சின்ன வியாபாரிகள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ரிப்போர்ட்டின் கடைசியில் பெரும்பாலும் "ஏ/பி டெஸ்ட் செய்யுங்கள்" என்று இருக்கும். வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதிய பக்கம் காட்டி எது ஜெயிக்கிறது என்று பார்ப்பது. நல்ல முறைதான். மைக்ரோசாஃப்டில் இதைப் பல வருடம் நடத்திய ரான் கோஹாவி, அங்கே சோதித்துப் பார்த்த யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் பலன் தந்தது என்று எழுதியிருக்கிறார். அவ்வளவு படித்தவர்களின் யோசனையே அப்படி என்றால், 64 பக்க ரிப்போர்ட்டின் யோசனைகள் எல்லாம் பலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் வந்தால் 2 பேர் வாங்கும் கடை. ஒரு மாற்றம் அதை 2.4 ஆக்குகிறதா என்று ஓரளவு நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, வழக்கமான சூத்திரப்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 19,600 பேர் வேண்டும். இரண்டும் சேர்த்தால் 39,200. மாதம் 3,000 பேர் வரும் அக்காவின் தளத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல். ஆயிரம் பேர் வரும் ஓ-ரிங் அண்ணனுக்கு மூன்று வருடத்துக்கு மேல். அதற்குள் பேரன் வந்து தளத்தையே மாற்றிவிடுவான்.

இதன் மறுபக்கமும் உண்டு. மாதம் சுமார் 20 ஆர்டர் வரும் இடத்தில், எதையும் தொடாமலே ஒரு மாதம் 14 வரும், இன்னொரு மாதம் 26 வரும். தற்செயலே அவ்வளவு ஆடும். "எங்கள் ஆடிட்டுக்குப் பின் 30 சதவீத உயர்வு" என்று 20ஐ 26 ஆக்கிக் காட்டினால், கைதட்டுவதற்கு முன் அடுத்த மூன்று மாதத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

வேக மதிப்பெண் விஷயமும் இதே. தொடக்கத்தில் சொன்ன அந்த 38 என்பது, கூகுளின் கருவி ஒரு சுமாரான போனையும் மெதுவான இணைப்பையும் கற்பனை செய்து ஓட்டிப் பார்த்துக் கொடுத்தது. உண்மையாக வந்தவர்களின் அனுபவத்தையும் கூகுள் தனியாகச் சேர்க்கிறது. முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆனால் வருகை குறைவான தளங்களுக்கு அந்தப் பகுதியில் "தரவு இல்லை" என்றே வரும். அண்ணனுக்கும் அப்படித்தான் வந்தது. வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகப்பில் ஓடிய 18 எம்.பி. தொழிற்சாலை வீடியோவை எடுத்தாலே போதும். 38ஐ 95 ஆக்க இன்னொருவருக்கு மாதச் சம்பளம் தேவையில்லை.

அப்படியானால் சின்னத் தளத்துக்கு ஆடிட்டே வேண்டாமா? வேண்டும். சதவீதத்தைத் துரத்தும் ஆடிட் வேண்டாம். உடைந்ததைக் கண்டுபிடிக்கும் ஆடிட் வேண்டும். பின்கோடு கட்டத்தில் 7 விழவில்லை என்பதை நிரூபிக்க 39,200 பேர் தேவையில்லை, தாத்தா ஒருவர் போதும். ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதியது நினைவுக்கு வருகிறது: ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பயன்பாட்டுக் குறைகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். அந்தக் கணக்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஐந்து பேர்கூட வேண்டாம், சரியான மூன்று பேர் போதும் என்பது என் அனுபவம். சரியான என்றால், உண்மையில் அதை வாங்கக்கூடியவர்கள். அண்ணனின் தளத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றின் பர்ச்சேஸ் அசிஸ்டென்டை உட்கார வைத்தோம். "எங்களைப் பற்றி" பக்கத்தைத் திறக்கவே இல்லை. மெட்டீரியல் என்ன, கடினத்தன்மை என்ன, டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் தருவார்களா, ஜி.எஸ்.டி. எண் எங்கே. இவ்வளவுதான் தேடினார். ரிப்போர்ட் ஆறு பக்கம் எழுதியிருந்தது, "எங்களைப் பற்றி" பக்கத்தின் உணர்வுபூர்வமான கதைசொல்லல் பற்றி.

ஆடிட்டுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் சொல்வது இதுதான். காசு பேசுவதற்கு முன்பே அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். அனலிட்டிக்ஸ் அனுமதி கேட்பார், அது எல்லோரும் கேட்பது. ஆர்டர் பட்டியல் கேட்கிறாரா? போனை எடுப்பவரோடு பேச வேண்டும் என்கிறாரா? கேன்சல் ஆனவை, பேமென்ட் ஃபெயில் ஆனவை கேட்கிறாரா? கேட்காவிட்டால் நீங்களே மேஜையில் வையுங்கள். ஆறு மாதத்து வாட்ஸ்ஆப் உரையாடலில், எண்களையும் பெயர்களையும் மறைத்துவிட்டு, ஆட்கள் கேட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக் கொடுங்கள். வந்தவர்கள் தளத்தில் எப்படி விரலை நகர்த்தினார்கள் என்று பதிவு செய்து காட்டும் கருவிகள் இருக்கின்றன; மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம், நம்ம ஊர் ஜோஹோவின் பேஜ்சென்ஸும் உண்டு. ஆடிட் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே போட்டு வைத்தால், வருகிறவர் ஊகிக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் எத்தனை பக்கம் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்: இதை எங்கே, எப்படிப் பார்த்தீர்கள், இதனால் எந்த மாதிரி ஆர்டர் போகிறது, சரி செய்ய என் ஆளுக்கு எவ்வளவு நேரம். மூன்றாவதற்குப் பதில் சொல்ல அவர் உங்கள் தளத்தைச் செய்த பையனோடு பேசியாக வேண்டும். பெரும்பாலான ரிப்போர்ட் டிராயருக்குள் போவதற்குக் காரணம், ஆடிட்டரும் அந்தப் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பதுதான். கட்டணத்தில் ஒரு பகுதியை, திருத்தங்கள் முடிந்து சில மாதம் கழித்து அவர் திரும்ப வந்து பார்க்கும் நாளுக்கு என்று நிறுத்தி வையுங்கள். நல்ல ஆள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்.

அண்ணன் அந்த 64 பக்கத்தில் கடைசியில் செய்தது கொஞ்சம்தான். அளவுப் பட்டியல் எழுத்தாக மாறியது, ஒவ்வொரு எண்ணும் தேடலில் கிடைக்கும்படி. படிவத்தில் டிராயிங் இணைக்க இடம் வந்தது, மினிமம் 500 என்ற வரியும் வந்தது. வீடியோ போனது. ரேட்டைத் தளத்தில் போடலாமா என்பதில் மட்டும் எனக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. பக்கத்து ஷெட்காரன் பார்த்துவிடுவான் என்கிறார். அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்கிறேன்.

அக்கா விஷயத்தில் நான் ரிப்போர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். பணம் கட்டும் பக்கத்தில் போன் நம்பர் இருந்தால் கவனம் சிதறும், எடுத்துவிடுங்கள் என்று அதில் இருந்தது. அக்கா எடுக்க மாட்டேன் என்றார். "காரம் கம்மியா அரைச்சுத் தருவீங்களான்னு கேட்டுட்டுத்தான்ப்பா பாதிப் பேர் வாங்குறாங்க. அதை எங்க போய் எழுதுவாங்க?" என்றார். நம்பர் அப்படியே இருக்கிறது. கூப்பிடுகிறவர்கள் கேட்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். முதல் பக்கம் நிறைவதற்குள்ளேயே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தது: பொடி எத்தனை நாள் கெடாமல் இருக்கும், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா. பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறது, தளத்தில் இல்லை. இப்போது விலைக்குக் கீழேயே போட்டிருக்கிறார். அந்தக் கேள்வி குறைந்துவிட்டதாம். இப்போது பூண்டு இல்லாமல் கிடைக்குமா என்று கேட்கிறார்களாம்.